கேதத்துக்குப் போய் வந்த பல்செட்டு

செவ்வாய்க்கிழமை காலை முத்தாலு டப்பாவைத் திறந்து பல்செட்டை எடுத்து வாயில் வைத்தாள். மேல்செட்டு உட்காரவில்லை. இடப்பக்கம் அமுக்கினால் வலப்பக்கம் தூக்கியது. வலப்பக்கம் அமுக்கினால் முன்னால் சரிந்து கீழ்ப்பல்லோடு இடித்தது. ஒரு கால் குட்டையான முக்காலியை வாய்க்குள் போட்ட மாதிரி ஆட்டமான ஆட்டம். வெளியே எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பல்லெல்லாம் மஞ்சள் தேய்த்துக் குளித்தது போல இருந்தது. அண்ணத்தில் ஒட்டுகிற ரோஸ் நிறத் தகடு ஓரம் நெளிந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வந்த கோபத்தைச் சத்தமாகச் சொல்லப் பல் இல்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. அன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை மே ஒன்று, கிராம சபை. இந்தச் சபைக்காகத்தான் அவள் பல்லே கட்டினாள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். முத்தாலு விஷயத்தில் அது பாதி பொய். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சொத்து என்று இருந்தது முக்கால் ஏக்கர் மல்லித் தோட்டமும் அந்த வாயும்தான். திண்டுக்கல் பக்கம் அகரத்துக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் ரேஷன் கடையில் அளவு குறைந்தாலும், பஸ் நிற்காமல் போனாலும், பெண்கள் அவளைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். வாயாடி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்; காரியம் ஆகவேண்டுமென்றால் அதே வாயைத் தேடி வாசலுக்கு வருவார்கள். சர்க்கரை வந்து ஈறு இளகி, ஐப்பசியில் தொடங்கித் தை பிறப்பதற்குள் அத்தனை பல்லையும் பிடுங்கி எடுத்த பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜனவரி இருபத்தாறு கிராம சபை வந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம். கேட்டால் நிலத்தடியில் நீர் இல்லை என்று பதில். ஆனால் டேங்குக்குப் போகும் மெயின் குழாய் முன்னாள் ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்துவின் தென்னந்தோப்பை ஒட்டிப் போகிறது. கோடையிலும் அந்தத் தோப்பில் கால் வைத்தால் சேறு. பக்கத்துத் தோட்டம் முத்தாலுவுடையது. விடியலில் பூப்பறிக்கப் போனவள், காய்ந்த தென்னை மட்டைகளைக் குவித்து மறைத்த இடத்தில் மெயின் குழாயில் ஒரு வால்வு மாட்டியிருப்பதைத் தன் கண்ணால் பார்த்தாள். அதைச் சபையில் எழுந்து சொன்னாள். வாயிலிருந்து சொல்லுக்குப் பதில் எச்சில்தான் தெறித்தது. தண்ணீர் என்பதும் தென்னை என்பதும் ஒரே காற்றாகப் போனது. நாச்சிமுத்துவின் ஆள் ஒருவன் உதட்டை உள்ளே மடித்து அவளைப் போலவே பேசிக் காட்டினான். சபை முழுக்கச் சிரித்தது. எட்டு நாளைக்கு ஒரு குடம் பிடிக்கிற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பேச்சை முடிக்காமல் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் பிரபுவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவன் அன்றைக்கே போன் போட்டு, திண்டுக்கல்லில் போய்ப் பல் கட்டிக்கொள், செலவு என் பொறுப்பு என்றான்.

பேகம்பூர்ப் பக்கம் டாக்டர் நர்கீஸ் என்று ஒரு பெண் டாக்டர். அவரிடம் ஆறு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் புருஷன் சின்னக்கண்ணு கூடவே வந்தார். பல் கட்டுவதென்றால் வளையல் வாங்குவது போல ஒரே நாளில் முடியும் என்று நினைத்திருந்தவளுக்கு அது பெரிய வேலையாக இருந்தது. மாவு போன்ற எதையோ தட்டில் அப்பி வாய்க்குள் திணித்து அளவெடுத்தார்கள். மெழுகுக் கட்டியைக் கடிக்கச் சொன்னார்கள். மெழுகிலேயே பல் நட்டு, கண்ணாடியில் காட்டி, சரியா என்று கேட்டார்கள். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. சினிமாக்காரி பல் மாதிரி வேண்டாம், ஐம்பது வருஷம் சோறு தின்ற பல் மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்கினாள்.

பங்குனியில் பல் வந்தது. முதல் வாரம் அதோடு பட்ட பாடு சொல்லி மாளாது. கீழ்ச்செட்டு நாக்கு பட்ட இடமெல்லாம் துள்ளியது. ஈறில் புண் வந்து இரண்டு தடவை போய்த் தேய்த்துக்கொண்டு வந்தாள். சோற்றைச் சின்னச் சின்ன வாயாக எடுத்து, ஒரே பக்கம் மெல்லாமல் இரண்டு பக்கமும் சமமாக மெல்ல வேண்டும் என்றார் டாக்டர். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்தால் நாக்கு பழகிவிடும் என்றார். ஐந்தாம் வகுப்புப் படித்த முத்தாலு, தினமும் சாயங்காலம் மருமகள் நாகஜோதியை எதிரில் உட்கார வைத்துத் தங்க விலையிலிருந்து ராசிபலன் வரைக்கும் வாசித்தாள். ப்ளஸ் டூ படித்த நாகஜோதி தப்பைத் திருத்தினாள். சித்திரை பிறந்தபோது எந்தச் சொல்லும் சறுக்கவில்லை. பூப்பறிக்கும்போது செடிகளுக்கு முன்னால் நின்று, சபையில் பேசப்போவதைப் பேசிப் பார்த்துக்கொண்டாள்.

பல்லைக் கண்ணாகக் காத்தாள். கழுவும்போது கைநழுவி விழுந்தாலும் உடையாதபடி கீழே தண்ணீர் நிறைந்த சட்டியை வைத்துக்கொள்வாள். மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பாள். படுக்கப் போகும்போது டப்பாவில் பானைத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடுவாள். பராமரிப்பைப் பற்றி டாக்டர் சொன்னபோது அவள் வாய் முழுக்க மெழுகு இருந்தது. சொன்னதைக் கேட்டுக்கொண்டதும், அச்சடித்த தாளை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்ததும் சின்னக்கண்ணுதான். அவர் வீட்டில் வந்து சொன்ன அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை இரவு சாணார்பட்டிப் பக்கத்து ஊரில் அவளுடைய சின்னம்மா இறந்துபோனாள். திங்கள்கிழமை முத்தாலு கேதத்துக்குப் போனாள். வளர்த்த சின்னம்மா என்பதால் தொண்டை கட்டும் வரைக்கும் அழுதாள். பிற்பகலில் திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழையாமல் கொல்லையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஊற்றிக்கொள்வதற்கு முன் பல்லைக் கழற்றித் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள்.

பல்செட்டு உடம்பில் சேர்த்தியா, உடுப்பில் சேர்த்தியா என்ற கேள்வி அந்த ஊரில் அதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை. உடம்பென்றால் தலைக்கு ஊற்றியதோடு தீட்டுப் போய்விடும். சேலை மாதிரி என்றால் தனியாக நனைத்துப் போட வேண்டும். அழுது களைத்த முத்தாலு அதையெல்லாம் யோசிக்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தவள் மறுநாள்தான் எழுந்தாள். பல் கழுவி டப்பாவில் போட்டாயிற்று என்று நாகஜோதி சொன்னதை அரைத்தூக்கத்தில் கேட்டிருந்தாள்.

இப்போது வளைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டாள். தீட்டுக் கழிய மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்தேன் அத்தை என்று நாகஜோதி சாதாரணமாகச் சொன்னாள். அரைமணி நேரம் முத்தாலு அவளைத் திட்டினாள். பல் இல்லாத வாயால் திட்டினாலும் வசவுகள் எல்லாம் அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே விளங்கின. வீட்டை, பிறந்த ஊரை, படிப்பை, படிக்க வைத்த தகப்பனை, ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

சின்னக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். சின்னப்பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது, அதைப்போய் இப்படி ஏசுகிறாயே என்று பெருந்தன்மையாகச் சமாதானம் சொன்னார். இந்த வெள்ளிக்கிழமை போனால் ஆகஸ்டில் இன்னொரு சபை வருகிறது, தண்ணீர் எங்கே ஓடிப்போகிறது என்றும் சொன்னார்.

முத்தாலு பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு, அழுத கண்ணோடு நின்ற நாகஜோதியை இழுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினாள். வளைந்தது திரும்பவும் நிமிராதா என்ன, டாக்டர் கையில் வித்தை இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

டாக்டர் நர்கீஸ் உள்ளேயிருந்து முத்தாலுவின் வாயை அச்சு எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கட்டியை எடுத்து வந்தார். மேல்செட்டை அதன் மேல் வைத்து விரலால் தொட்டார். கடகடவென்று ஆடியது. அவர் முகம் மாறியது.

"கொதிக்கிற தண்ணியில போட்டீங்களாம்மா?"

முத்தாலு மருமகளைப் பார்த்தாள். நாகஜோதி தலையாட்டினாள். கொதிக்கிற தண்ணீர் பட்டால் இந்தத் தகடு இளகி வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்த முடியாது என்றார் டாக்டர். நிமிர்த்தினாலும் ஈறில் பொருந்தாது, போட்டுக்கொண்டு திரிந்தால் புண்ணாகும். முதலிலிருந்து அளவெடுத்து, மெழுகு கடித்து, புதிதாகத்தான் செய்ய வேண்டும். வேகமாகச் செய்தாலும் மூன்று வாரம்.

"வெந்நீர்தான் காரணமா?" என்று நாகஜோதி கேட்டாள். "நான் வெறும் மஞ்சத்தண்ணி தெளிச்சாப் போதாதான்னுதான் கேட்டேன் அத்தை. மாமாதான் கேத வீட்டுல அழுத பல்லு, கொதிக்கக் கொதிக்கப் போட்டு எடுத்தாத்தான் தீட்டுப் போகும்னாக. பக்கத்துலயே நின்னு, இன்னும் செத்த நேரம் கெடக்கட்டும்னாக."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அவர்கிட்டதானே நான் சொல்லி அனுப்புனேன்? ஒரு தடவை இல்ல. அவரே திருப்பிக் கேட்டாரு, டீ குடிச்சா வளையுமான்னு. டீக்கு ஒண்ணும் ஆகாது, கொதிக்கிற தண்ணிதான் ஆகாதுன்னேன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று சொல்வார்கள். சின்னக்கண்ணு மூடிக்கெல்லாம் போகவில்லை, உலையிலேயே போட்டுவிட்டார். அதுவும் தன் கையால் போடவில்லை. தீட்டு என்று ஒரு சொல்லைச் சொல்லி, மறுபேச்சுப் பேசத் தெரியாத ஒரு பெண்ணின் கையால் போட வைத்துவிட்டு, மறுநாள் அந்தப் பெண்ணுக்காகச் சமாதானமும் பேசியிருக்கிறார். முத்தாலுவுக்கு டீயை ஆற்றிக் குடித்த அந்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் காலையில் திட்டிய திட்டையெல்லாம் எடுத்து வேறு தலையில் வைக்க வேண்டியிருந்தது. உன்னை ஏசியது என் தப்புத்தான் என்று நாகஜோதியிடம் வாய்விட்டுச் சொன்னாள். மாமியார் சொல்கிற வார்த்தை இல்லை அது. நாகஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

ஊரில் இறங்கியதும் மருமகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முத்தாலு நேரே தோட்டத்துக்கு நடந்தாள். சின்னக்கண்ணு மல்லிச் செடிகளுக்கு நடுவில் களை பறித்துக்கொண்டிருந்தார். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"எதுக்குய்யா என் பல்லை வேக வச்ச?"

பல் இல்லாவிட்டாலும் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்கிற குரல் அவருக்கு விளங்கியது. தீட்டு என்று ஆரம்பித்தார். டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். டீக் கேள்வியையும் சொன்னாள். அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார். முகத்தில் வெட்கம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

"ஆமா, நாந்தான். அம்புட்டுத் தடவை சொன்னேன், அந்த நாச்சிமுத்து சோலிக்குப் போகாதன்னு. கேட்டியா? இந்தச் செடி எந்தத் தண்ணியக் குடிச்சு நிக்குதுன்னு நினைச்ச நீ?"

போர்த் தண்ணீர் என்றாள் அவள். போன புரட்டாசியில் அவள் வத்தலக்குண்டில் மகளுடைய இரண்டாவது பிரசவத்துக்குப் போயிருந்தபோது போட்ட போர். தண்ணீர் வந்துவிட்டது என்று அவர் போனில் சொன்னார். அவள் திரும்பி வந்ததும் போர் வாயில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்துக் கும்பிட்டாள்.

"எண்ணூறு அடியிலயும் புகைதான் வந்துச்சு" என்றார் சின்னக்கண்ணு.

புகை மாதிரி மண்தூசிதான் வந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாளே நாச்சிமுத்து தோட்டத்துக்கு வந்தார். தன் தோப்புத் தொட்டியிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய் போட்டு இவர்கள் போர்க் குழாயோடு சேர்த்துக் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீர். பதிலுக்கு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கண்ணில் பட்டதைப் பட்டதாகச் சொல்லக்கூடாது. சின்னக்கண்ணு சரி என்றார். பொண்டாட்டிக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று அவளிடம் சொல்லவில்லை. ஜனவரியில் அவளுக்குப் பல் இல்லாமல் போனதில் அவருக்கு இருந்த நிம்மதி கொஞ்சமல்ல. பிரபு பல் கட்டச் சொன்னதும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, அதனால் கூடவே போய் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

முத்தாலு கீழே பார்த்தாள். அவள் காலடியில் ஒவ்வொரு செடியின் தூரிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குடத்தை வரிசையில் வைத்து எட்டாம் நாளுக்குக் காத்திருக்கிற பெண்களுடைய தண்ணீர். அவளும் அந்த வரிசையில் குடம் வைத்தவள்தான். தெருவில் நின்று திருட்டுப்பயல்கள் என்று ஏசிவிட்டு, விடிந்ததும் வந்து அந்தத் தண்ணீரில் பூத்த பூவைப் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஏழு மாதம் அவளை ஒரு முட்டாளாக நிற்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார் இந்த மனிதர். புருஷன் மேல் கோபம், நாச்சிமுத்து மேல் கோபம், போர் வாயில் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்ட தன் மேலும் கோபம். எதை முதலில் கொட்டுவது என்று தெரியவில்லை.

இந்தத் தண்ணீர் நமக்கு வேண்டாம், சபையில் சொல்வேன், நம் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்வேன் என்றாள். அவர் களைக்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சொல்லு. பல்லு இல்லாமச் சொல்லு, எவனுக்கு விளங்குதுன்னு பாப்போம்."

இதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை.

புதனும் வியாழனும் அந்த வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. தோட்டத்துத் தண்ணீர் விஷயத்தை முத்தாலு நாகஜோதியிடம் சொல்லவில்லை. மல்லிதான் அந்த வீட்டுக்குச் சோறு. பிரபுவின் சம்பளம் அவன் வாங்கிய கடனுக்கே சரியாகப் போகிறது. தன் புருஷன் செய்ததற்குத் தானே பதில் சொன்னால் போதும், அந்தப் பெண்ணை ஏன் இதில் இழுக்க வேண்டும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை தலை சீவிச் சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது, நாகஜோதி தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் கூட நிக்கிறேன் அத்தை. நீங்க சொல்றத நான் திருப்பிச் சொல்றேன்."

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். முன்னால் மேசைக்குப் பின்னால் ஊராட்சிச் செயலரும் ஒன்றியத்திலிருந்து வந்த அலுவலரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நாச்சிமுத்து. அவருக்குப் பின்னால் இரண்டு நாற்காலி தள்ளிச் சின்னக்கண்ணு. வரவு செலவு வாசித்து முடித்து, யாருக்காவது குறை உண்டா என்று கேட்டதும் முத்தாலு எழுந்தாள். அவள் வாயைத் திறந்த உடனேயே, ஜனவரியில் பேசிக் காட்டினானே அந்த ஆள், அவன் கனைத்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றாள். நாகஜோதி அதைக் கணீரென்று திருப்பிச் சொன்னாள். ஊருக்கு எட்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர். அடுத்த வரி. அதையும் சொன்னாள். மெயின் குழாய் தோப்பை ஒட்டிப் போகிறது. பல் பிடுங்கிய அந்த மாதங்களில் ஈறு பேசுகிற பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றவர்கள் ஊரிலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி பக்கத்தில் நின்றாள். இன்னொருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மட்டைக் குவியலுக்கு அடியில் வால்வு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று நாகஜோதி சொன்னபோது சிரிப்பு நின்றிருந்தது. பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. நாச்சிமுத்து திரும்பிச் சின்னக்கண்ணுவைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு முத்தாலு ஒரு வரி சொன்னாள். முன்னால் சொன்னதையெல்லாம்விட மெதுவாக, மருமகளைப் பார்க்காமல், நேரே அலுவலரைப் பார்த்துச் சொன்னாள். சபையில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. எல்லோரும் நாகஜோதியைப் பார்த்தார்கள்.

நாகஜோதி வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எதிரே சின்னக்கண்ணுவுக்கும் விளங்கிவிட்டது. அவர் மருமகளை உற்றுப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். குழாயைச் சரிசெய்து கொடுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் சபை அதை நம்பியிருக்கும். முத்தாலுவால் அதை மறுக்கவும் முடிந்திருக்காது. அவளுடைய சொல்லும் வீட்டுச் சோறும் அந்தப் பெண்ணின் வாயில் இருந்தன. முத்தாலுவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. தன் பேச்சை இன்னொருத்தி வாயில் கொடுத்துவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதுவரைக்கும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அலுவலர்.

நாகஜோதி மாமனாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தத் தண்ணி எங்க மல்லித் தோட்டத்துக்கும் வருதுன்னு சொல்றாக. எங்க போர்ல தண்ணியே இல்லையாம். வந்து பாத்து, எங்க குழாயையும் சேத்து வெட்டுங்கன்னு சொல்றாக."

ஒரு மூச்சு விட்டாள்.

"அத்தை சொன்னது அம்புட்டுத்தான். இனிச் சொல்றது நான். இவுக பல்லை வெந்நீர்ல போட்டு வளைச்சது இந்தக் கைதான். தீட்டுன்னு சொல்லிப் போட வச்சது எங்க மாமா. இந்தச் சபையில இவுக பேசக்கூடாதுன்னுதான் என்னைய அதைச் செய்ய வச்சிருக்காக. என் கையால செய்ய வச்சிருக்காக."

முத்தாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுச் சண்டையை எல்லாம் சபைக்குக் கொண்டுவருவதா என்று நாச்சிமுத்து எழுந்து ஆரம்பித்தார். பெண்கள் பக்கமிருந்து உட்காருங்க என்று ஒரு குரல் வந்தது, பிறகு பத்துக் குரல் வந்தது. அவர் உட்கார்ந்தார்.

அலுவலர் செயலரிடம் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "சின்னக்கண்ணுங்கிறது யாரு? எந்திரிங்கய்யா. இவங்க சொல்றது உண்மையா?"

சின்னக்கண்ணு எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். முத்தாலு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதிலும் கரும்பைக் கடித்து இழுக்கிற வாய் அது. ஒரு சொத்தை கிடையாது, ஒரு பல் ஆடியது கிடையாது. அத்தனை பல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டார்.